கண்ணாடி மணி நகை: விற்ற பிறகு வெளிவரும் தவறுகள்

கண்ணாடி மணி செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. தப்பு நடந்த அன்றைக்கே அது கண்ணில் படாது. பானை என்றால் சூளையிலேயே உடைந்துவிடும். மணியோ நன்றாகப் பளபளத்து, போட்டோவுக்கு நின்று, விலைபோய், வாங்கியவர் கழுத்தில் ஏறிய பிறகு ஒரு மார்கழிக் காலையில் விரிசல் விடும்.

டார்ச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றி மணி செய்கிறவர்கள் பலர் சூளை இல்லாமலே விற்பனைக்கு இறங்கிவிடுகிறார்கள். மணியின் வெளிப்புறம் முதலில் இறுகும், உட்புறம் பின்னால் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இழுவிசை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூளைச் சூட்டில் வைத்து மெல்ல ஆற்றி அதைப் போக்குவதுதான் அனீலிங். வெர்மிகுலைட் என்னும், சூட்டை மெல்ல விடும் இலகுவான கனிமத் துகள் நிரப்பிய டப்பாவில் புதைத்தால் போதும் என்று சொல்வார்கள். அது ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பரவலாகப் பயன்படும் இத்தாலிய மென்கண்ணாடியை 510 முதல் 520 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரமாவது, பருமனான மணியென்றால் அதற்கு மேலும், வைத்திருந்து மெல்ல இறக்க வேண்டும். சூடு தாங்கும் கடினக் கண்ணாடியான போரோசிலிகேட் என்றால் 565 டிகிரி அருகே. சூளை வாங்கப் பணம் இல்லையென்றால், வெர்மிகுலைட்டில் ஆறிய மணிகளைச் சேர்த்து வைத்து, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள மின்சூளை வைத்திருக்கும் செராமிக் கலைஞரிடம் வாடகைக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஒளிபுகும் மணியில் இழுவிசை மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிர விடும் இரண்டு போலரைசிங் பிலிம்களைக் குறுக்காகப் பிடித்து நடுவில் மணியை வைத்தால் போதும். அழுத்தம் உள்ள இடம் வெளிச்சமாகத் தெரியும்.

அனீலிங் சரியாகச் செய்தும் உடைகிறதா? குச்சிகளைக் கலந்திருப்பீர்கள். குச்சிக் கட்டின் மேல் 104, 90, 33 என்று எழுதியிருப்பது சூட்டில் அந்தக் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் குறிக்கும் எண். எண் வேறானால் ஒரே மணியில் சேர்க்கக் கூடாது. எந்தச் சூளையும் அதைக் காப்பாற்றாது. எண்ணே எழுதாத உள்நாட்டுக் குச்சியும் மலிவாகக் கிடைக்கும். ஒரே வகைக்குள் வைத்து மணி செய்ய அது மோசமில்லை. இறக்குமதிக் குச்சியோடு சேர்ப்பதற்கு முன், இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி மெல்லிய நூலாக இழுத்துப் பாருங்கள். ஆறிய நூல் வில்லாக வளைந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

மணித் துளையையும் பலர் கவனிப்பதில்லை. மணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்பியில் பூசிய மாவு துளைக்குள் அப்படியே இருக்கும். வாங்கியவரின் வெள்ளைச் சட்டையில் அது சாம்பல் பொடியாக உதிரும். நீரில் ஊறவைத்து, ஈரத்திலேயே குடைந்து எடுக்க வேண்டும். உலர்ந்த மாவைத் தட்டி எடுத்தால் நுண்தூசி நுரையீரலுக்குப் போகும். துளையின் விளிம்பு கத்திபோல இருந்தால் எந்த நூலும் தாங்காது. முனை உள்ளே மடிந்து குழிந்திருக்கும்படி செய்வதுதான் நல்ல வேலை. கனமான மணியைக் கியர் வயரில், அதாவது பிளாஸ்டிக் பூசிய எஃகு வயரில், கோத்து, இரு பக்கமும் ஒரு பொடிமணி வைத்து, வயர் முனையைப் பிடிக்கும் சின்ன உலோக வளையமான கியர் லாக்கை அதற்குரிய குறடால் அழுத்துங்கள். மூக்குக் குறடால் நசுக்கியது ஒருநாள் நழுவும்.

காதுக் கொக்கிக்கு வருவோம். மணிக்கு இவ்வளவு மெனக்கெட்டுவிட்டு, கொக்கியில் ஐந்து ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. மலிவான கலவை உலோகத்தில் நிக்கல் இருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காது புண்ணாகும். 925 வெள்ளியோ (92.5 சதவீதம் வெள்ளி) டைட்டானியமோ வையுங்கள். என்ன உலோகம் என்று அட்டையில் எழுதுங்கள்.

மணியை வாங்கிக் கோப்பவர்களுக்குச் சாயம்தான் தொல்லை. உள்ளே சாயம் பூசிய பொடிமணிகளில், குறிப்பாக இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும், வெயிலில் வெளுப்பவை உண்டு. புதிதாக வாங்கும் ஒவ்வொரு சரத்திலிருந்தும் சில மணிகளை ஜன்னல் ஓரத்தில் ஒரு மாதம் வையுங்கள். சிலவற்றை நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் தேயுங்கள். நம் ஊர் வெயிலும் வியர்வையும் செய்யப்போவதை அது முன்கூட்டியே காட்டிவிடும்.

பட்டறைப் பாதுகாப்பில் இரண்டே சொல்கிறேன். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். வணிகத்துக்குரிய 19 கிலோ சிலிண்டர்தான் முறை. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். மேலே புகைபோக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஆக்சிஜன் குழாய் இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ துளியும் படக் கூடாது. இறுக்கமான திருகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள், தீப்பிடிக்கும்.

இனி விலை. இந்தத் தொழிலை மூட வைப்பது பெரும்பாலும் உடைந்த மணி அல்ல, இந்தக் கணக்குத்தான். ஒரு ஜோடிக் கம்மலை ₹250-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். குச்சி, கொக்கி, கேஸ், கரண்ட், பெட்டி எல்லாம் ₹85. நேரம்? மணி செய்ய 25 நிமிடம், சுத்தம் செய்யவும் கோக்கவும் 20, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் "இதே டிசைன் பச்சையில் இருக்கா அக்கா?" என்பதற்கெல்லாம் பதில் சொல்ல 20, பொதிந்து கூரியருக்குக் கொண்டுபோக 15. மொத்தம் 80 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு ₹90 கூலி என்றால் ₹120. ஜோடி சேராமல் போகிற மணிக்கும் உடைகிற மணிக்கும் ₹20. ஆக அடக்கம் ₹225. மிச்சம் ₹25 என்று மகிழும்போது கடைக்காரர் வருவார். அவர் 35 சதவீதம் எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது ₹162.50. போட்ட கூலியிலேயே பாதிக்கு மேல் போச்சு.

ஆகவே கடைக்குக் கொடுத்தாலும் கட்டுப்படியாகிற விலையை முதலில் முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன கம்மலுக்கு அது சுமார் ₹350. அந்த விலைக்குப் போகாது என்றால் வடிவத்தை மாற்றுங்கள், கூலியை வெட்டாதீர்கள். கடையில் ₹350, உங்கள் இன்ஸ்டாகிராமில் ₹250 என்று வைத்தால் அந்தக் கடை மறுபடி உங்களிடம் வாங்காது.

பொய்க் கதை சொல்லி விற்பதும் பின்னால் திரும்பி அடிக்கும். அச்சில் அழுத்திய இறக்குமதி மணியைக் கோத்துவிட்டு "கையால் செய்த மணி" என்கிறார்கள். கையால் கோத்தது என்று சொன்னாலே மரியாதைதான். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் பழங்காலத்தில் மணி செய்தார்கள் என்பது அகழாய்வில் வந்த உண்மை. குழாயாக இழுத்து நறுக்கும் அந்த முறைக்கு உறவான ஒன்று ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை வந்தது. அதற்காக நேற்று செய்த மணியை "அரிக்கமேட்டு மணி" என்று விற்பது ஏமாற்று. தொல்லிடத்தில் பொறுக்கிய அசல் மணியை விற்பது அதைவிட ஆபத்து. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை தொல்பொருள். அவற்றை விற்க உரிமம் வேண்டும், தனியாருக்கு ஏற்றுமதி அனுமதி கிடையாது.

பதிவுகளில், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கிற தளத்தைக் கண்டால் மூடிவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் ₹40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலே கதை மாறும். வெளிமாநில விற்பனைக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது பொது விதி. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்குச் சலுகை உண்டு. உங்கள் நகை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்றால் காசு என்ற பேச்சில் கடைக்குச் சரக்கு கொடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு நகைக்கும் எண் போட்டுப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் எந்தத் தேதியில் வரும், விற்காதது எப்போது திரும்பும், கடையில் கீழே விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அண்ணன், அக்கா என்று பழகிய கடையென்றாலும் இதுதான் முறை. கையெழுத்திடத் தயங்கும் கடைக்கு முதல் தடவை ஐந்து ஜோடிக்கு மேல் கொடுக்காதீர்கள்.