புது ஏர் ரைஃபிள் பாகம் சரியா உட்காரலையா? அரத்தை எடுக்காதீங்க

புதுசா வாங்குன சைட்டோ (குறி பாக்கற கருவி) ஸ்கோப் மவுண்டோ (தொலைநோக்கியை மாட்டற பிடி) ஏர் ரைஃபிள்ல சரியாப் பொருந்தலைன்னா, கோயமுத்தூர்க்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது கணபதி பக்கத்து லேத்துப் பட்டறைதானுங்க. "அண்ணா, லேசா தேச்சுக் குடுங்க"ன்னா அஞ்சு நிமிசத்துல முடிச்சுத் தந்துருவாங்க. வேலை சுத்தமாத்தான் இருக்கும். ஆனா அரம் பட்ட பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கறது கஷ்டம், வாரண்டியும் போயிரும்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துருங்க. எண்ணெயைத் துடைச்சுட்டு, ஸ்க்ரூவை வெறும் விரல்லயே திருகிப் பாருங்க. ரெண்டு மூணு சுத்து வழுக்கிட்டுப் போகணும். பாதியில பிடிச்சா ஆலன் கீ போட்டு அழுத்தாதீங்க; அலுமினியத்துல மரை சீக்கிரம் தேஞ்சுரும், அப்பறம் பழி உங்க மேலதான் வரும்.

சைட்டுல சந்தேகம்னா, ஒரே டப்பா பெல்லட்டுல (சின்னக் குண்டு) இலக்கு அட்டையைப் பாத்து அஞ்சு ரவுண்டு சுடுங்க. சைட்டுத் திருகை இடப்பக்கம் பத்து கிளிக், திரும்ப வலப்பக்கம் பத்து கிளிக் வெச்சுட்டு மறுபடி அஞ்சு. ரெண்டாவது தடவை விழுந்த ஓட்டைங்க பழைய இடத்துக்கே வரலைன்னா, அந்த அட்டைதான் உங்க சாட்சி, பத்திரமா வைங்க.

காத்து சிலிண்டரை மட்டும் நீங்களாப் பிரிக்கவே வேண்டாம். போட்டி ரைஃபிள்ல 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்குமுங்க.

பில், பாகத்தை வெர்னியர்ல (நுட்பமா அளக்கற கருவி) அளந்த போட்டோ ரெண்டையும் சேத்து எழுத்துல புகார் குடுங்க. கடைக்காரர் இழுத்தடிச்சா நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக 2 வருசம் வரைக்கும் அவகாசம் இருக்கு. 5 லட்சத்துக்குள்ள வாங்குன பொருளுக்குக் கட்டணமே இல்லைங்க.