வீட்டைக் காலி செய்தபின் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி?

வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், ஹவுஸ் ஓனரிடம் இருந்தாலும் உங்கள் பணம்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம், 2017 இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதன் 11ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

"அடுத்த ஆள் குடிவந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்ற பதிலைப் பலரும் நியாயம் என்றே ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு மாதக் கெடு நீங்கள் காலி செய்த நாளிலிருந்து ஓடுகிறது. புது ஆள் வந்தாரா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சண்டை பெரும்பாலும் பிடித்தத்தில்தான் வரும். எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதை அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின் வயரிங், கட்டுமானப் பழுது ஆகியவை உரிமையாளருடையவை. டேப், டேப் வாஷர், வாஷ்பேசின், கழிப்பறைச் சாதனங்கள், கீசர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றின் பழுது வாடகைதாரருடையது. சாக்கடை அடைப்பு எடுப்பதும் அப்படியே. வாடகைதாரர் தன் பங்குப் பழுதைச் செய்ய மறுத்தால், உரிமையாளர் அதைச் செய்துவிட்டு அந்தச் செலவை அட்வான்ஸில் கழிக்கலாம். புழக்கத்தில் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் கிடையாது. வெயிலில் மங்கிய பெயின்ட், காலண்டர் மாட்டிய ஆணியின் துளை எல்லாம் தேய்மானம். உடைத்த டைல்ஸ், ஸ்டாண்டு பிடுங்கியதில் பெயர்ந்து விழுந்த பூச்சு ஆகியவை சேதம், அதற்குப் பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கணக்காகப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மாத வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை 12,000, சுவருக்குள் ஓடும் குழாயை மாற்ற 4,000, உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு 3,500, மின் கட்டணம் 1,100 எனக் கழித்து 39,400 தருகிறார். ஒப்பந்தத்தில் தனியாக எதுவும் எழுதவில்லை என்றால் உங்கள் பொறுப்பில் வருவது கண்ணாடியும் மின் கட்டணமும் மட்டும், மொத்தம் 4,600. உங்களுக்கு வரவேண்டியது 55,400.

"எழுதவில்லை என்றால்" என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழுதுப் பொறுப்பை ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பிரித்துக்கொள்ள அந்தச் சட்டமே இடம் தருகிறது. "காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும்" என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அட்டவணையைக் காட்டி வாதாடுவது கடினம். குடிபோகும்முன் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், "உண்மையான செலவு, ரசீதின்படி, அதிகபட்சம் இவ்வளவு" என்றாவது மாற்றச் சொல்லுங்கள். அட்வான்ஸ் தொகை, அது கொடுத்த தேதி, கொடுத்த விதம் மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் அதில் பாதித் தொகையை எழுதிக்கொண்டால் மீதிப் பாதிக்கு ஆதாரமே இருக்காது.

பதினொரு மாத ஒப்பந்தம் என்பதால் பதிவு வேண்டாம் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லாது. எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர். விண்ணப்பத்தை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே கொடுக்கலாம். இந்தப் பதிவு இல்லாத ஒப்பந்தத்தை ஆதாரமாக முன்வைக்கும்போது எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இனி காலி செய்யும் கட்டம். ஒப்பந்தத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ எத்தனை மாத நோட்டீஸ் என்று இருக்கிறதோ, அதை எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், "சொல்லவே இல்லை" என்று ஒரு மாத வாடகையைக் கழிக்க வழி விட்டதாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, தேதியும் காலி செய்யும் நாளும் தெளிவாக இருக்கட்டும்.

கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது பரவலான வழக்கம். உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் இதைவிட எளிய வழி இல்லை. சம்மதிக்காதபோது இப்படிச் செய்தால் அது வாடகை பாக்கி. இரண்டு மாத பாக்கி என்பது வெளியேற்றக் கோருவதற்கே ஒரு காரணம்.

அட்வான்ஸ் வரும்வரை சாவியைத் தரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வது இதைவிட ஆபத்து. குத்தகைக் காலம் முடிந்தபிறகும் வீட்டை விடாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரண்டு மடங்கு வாடகையும், அதன்பிறகு நான்கு மடங்கும் இழப்பீடாகத் தரவேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. மேலே சொன்ன கணக்கில் மூன்று மாதம் பிடிவாதமாக இருந்தால் 24,000, 24,000, 48,000 என்று 96,000 ஆகிவிடும், கைக்கு வரவேண்டிய அட்வான்ஸையே அது விழுங்கிவிடும். சாவியைக் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்கு ஆதாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஆதாரம் ஒரு பக்கக் காகிதம் போதும். தேதி, நேரம், எத்தனை சாவி, மின் மீட்டர் அளவு, மின்விசிறி, கீசர், விளக்குகளின் எண்ணிக்கை, ஏதாவது சேதம் இருந்தால் அது என்ன என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால், சாவியை ஒப்படைத்த உடனே அதே விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலியான வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள்: சுவர், கூரை, குழாய்கள் திறந்து தண்ணீர் வருவது, சுவிட்சுகள் வேலை செய்வது எல்லாம் தெரியட்டும். குடிவந்த நாளில் எடுத்த படங்களும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். பழைய கீறலை உங்கள் தலையில் கட்ட முடியாது.

மீட்டர் படம் கட்டாயம் வேண்டும். வீட்டு மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால், காலி செய்தபின் வரும் பில்லில் உங்கள் யூனிட்டும் அடுத்தவர் யூனிட்டும் கலந்திருக்கும். மொத்த யூனிட் கூடக்கூட விகிதமும் கூடும். அடுத்தவர் ஏசி ஓட்டியதால் ஏறிய விகிதத்தில் உங்கள் பங்கைக் கணக்கிட விடாதீர்கள், உங்கள் யூனிட்டுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்று சங்கத்திடம் எழுதி வாங்குங்கள்.

ஒரு மாதம் ஆகியும் பணம் வராவிட்டால் போனில் கெஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதுங்கள். கோபமோ மிரட்டலோ வேண்டாம், அந்தக் கடிதம் நாளை நீதிமன்றத்தில் படிக்கப்படலாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா/அம்மா, (முகவரி)யில் உள்ள தங்கள் வீட்டில் (தேதி) முதல் (தேதி) வரை வாடகைக்கு இருந்தேன். முன்பணம் ரூ. (தொகை) (தேதி) அன்று வங்கி வழியாகச் செலுத்தியுள்ளேன். (தேதி) அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்குள் முன்பணம் திருப்பித் தரப்பட்டிருக்க வேண்டும். பிடித்தம் இருப்பின் இனவாரியாக, ரசீதுகளுடன் தெரிவித்து, மீதித் தொகையை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படியான நடவடிக்கை எடுக்க நேரிடும்."

இதை ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்பி, நகலையும் அஞ்சல் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள், அந்த முத்திரையே ஆதாரம். கொஞ்சம் பணம் கொடுத்து "கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கேட்டால், "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் இருவரையும் கூப்பிட்டுப் பேசலாம், ஆனால் அட்வான்ஸைத் திருப்பித் தரும்படி உத்தரவிடும் அதிகாரம் அங்கே இல்லை. இது சிவில் தகராறு. அடுத்து வழக்கறிஞர் நோட்டீஸ், அதன்பின் வாடகை நீதிமன்றம். வழக்குக்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் வழி உண்டு. அதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே இருதரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. சிறிய தொகைக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பதிவு செய்யாத ஒப்பந்தம் என்றாலும், ஒப்பந்தமே இல்லை என்றாலும், எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதை முதலில் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலைக் காட்ட வேண்டியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதனால் போனை மாற்றினாலும் பழைய உரையாடலை அழிக்காதீர்கள். பண வசூல் வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு, இழுத்தடிப்புக்கு இசைந்துகொண்டே போகாதீர்கள்.

நீங்கள் குடியிருக்கும்போதே வீடு விற்கப்பட்டால், அட்வான்ஸ் புதிய உரிமையாளரிடம் மாற்றப்பட்டதா என்று இருவரிடமும் எழுதி வாங்குங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் எல்லோருக்கும் சேர்த்துக் கடிதம் அனுப்புங்கள். வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு மகனுக்கு மட்டும் எழுதினால், "அப்பாவிடம் கொடுத்தது எனக்குத் தெரியாது" என்று அவர் கைகழுவிவிட மற்றவர்களைத் தேடி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.