மெமோ எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி

செவிலியர் ஒருவர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்ற தகவல் வந்ததும், நோயாளிக்கு உரிய சிகிச்சையை உறுதிசெய்துவிட்டு, மெமோ எழுதுவதற்கு முன் நிர்வாகி ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இதே பயிற்சியும் அனுபவமும் உள்ள வேறொருவர், அதே வார்டில், அதே பணிச்சுமையில் இருந்திருந்தால் இப்படித் தவறியிருப்பாரா? பிரிட்டன் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1997இல் விளக்கிய இந்த மாற்றாள் சோதனைக்கு ‘ஆம்’ என்பது விடையானால், திருத்த வேண்டியது ஒரே தோற்றமுள்ள மருந்துக் குப்பிகளை அருகருகே அடுக்கும் முறையையோ ஆள் பற்றாக்குறையையோதான்.

நோயாளியின் அடையாளக் கைப்பட்டையைச் சரிபார்க்காமல் விடுவது ஒருவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தால், தனியே அழைத்துப் பேசி, அப்படி விடுவதற்கான காரணத்தையும் கேட்டறிந்து, மீண்டும் பயிற்சி தருவது பொருந்தும். ஆபத்தை அறிந்தே அலட்சியம் செய்தவர் என்றால், அவருடைய விளக்கத்தை எழுத்தில் பெற்ற பிறகு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அவர் மூத்த மருத்துவராக இருந்தாலும் (பல நிர்வாகிகள் தயங்குவது இங்கேதான்) அளவுகோல் மாறக்கூடாது, ஏனெனில் ஊழியர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான். எந்த நிலையிலும் நோயாளிகள் முன்னிலையில் கண்டிக்க வேண்டாம். அப்படிக் கண்டிக்கப்படும் வார்டில் அடுத்த தவறு பதிவேட்டுக்கே வராமல் மறைக்கப்படும்.