கடைசி மடக்கை மிச்சம் வையுங்கள்: பழைய சிவப்பு ஒயின்களை நண்பர்களோடு ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். மேசையில் ஐந்து பாட்டில்கள், எல்லாம் துணிப்பைக்குள். நான்காம் எண் பாட்டிலை ஊற்றியதும் ஈர இலையும் தாரும் கலந்தாற்போல ஒரு வாடை வந்தது. வாயில் வைத்தால் ஈறு முழுவதையும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. ஏழு பேர் அதைக் கடைசி இடத்தில் போட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து மேசையைத் துடைக்கப் போனபோது, என் நான்காவது கிளாஸில் ஒரு மடக்கு மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். எடுத்து மோந்து பார்த்தால் காய்ந்த ரோஜா இதழ், அதன் பின்னால் புகையிலை, ஒரு மெல்லிய இனிப்பு. கிளம்பிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டு அந்த ஒரு கிளாஸை ஆளுக்கொரு முறை கைமாற்றினேன். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அது 1996ஆம் ஆண்டு பரோலோ, இத்தாலியச் சிவப்பு ஒயின்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. எந்தக் கிளாஸையும் காலி செய்யக் கூடாது. எல்லாவற்றிலும் ஒரு மடக்கு கடைசிவரை இருக்க வேண்டும். பழைய ஒயின் ஊற்றிய நிமிடத்தில் ஒன்று, அரை மணியில் ஒன்று, இரண்டு மணியில் வேறொன்று. முதல் நிமிடத்திலேயே தீர்ப்பு எழுதினால் பாதி ஒயினைப் பார்க்காமலேயே எழுதுகிறோம். கீழே நான் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

எந்தப் பாட்டில்கள், எத்தனை

ஒப்பிட வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். ஒரே தோட்டத்தின் வெவ்வேறு ஆண்டுகளை வரிசையாக வைப்பதை வெர்ட்டிகல் என்பார்கள். ஒரே ஆண்டில் ஒரே பகுதியைச் சேர்ந்த வெவ்வேறு தோட்டங்களை வைத்தால் அது ஹரிசான்ட்டல். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் வானிலையை நாக்கில் படிக்கலாம். பிரான்சின் போர்தோ பகுதியில் ஒரே தோட்டத்தின் 2003, 2005, 2013 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003இல் ஐரோப்பா முழுவதையும் வறுத்தெடுத்த வெயில். பழம் வெந்து கனிந்த வாசனை, புளிப்பு குறைவு. 2013 குளிரும் மழையுமாகப் போன ஆண்டு. ஒயின் மெலிந்து நிற்கும். 2005இல் துவர்ப்பு, புளிப்பு, பழம் எல்லாம் திடமாக இருக்கும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாக விளங்காது.

முதல்முறை செய்பவர்கள் ஸ்பெயினின் ரியோகா பகுதியில் நீண்ட காலம் முதிர வைத்து விற்கும் கிரான் ரிசர்வா ஒயினில் தொடங்கலாம். குறைந்தது 5 ஆண்டுகள், அதில் 2 ஆண்டுகளாவது மரப்பீப்பாயில், முதிர வைத்த பிறகே அதை வெளியே விட வேண்டும் என்பது அங்கே விதி. முதிர்ச்சிக்கான பாதி வேலையைத் தயாரிப்பாளரே செய்து தந்துவிடுகிறார்.

எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். ஒரு பாட்டில் 750 மி.லி. அடியில் தங்கும் மண்டிக்காக 50 மி.லி. கழித்தால், எட்டுப் பேருக்குத் தலா 85 மி.லி.க்குச் சற்று மேல். ஐந்து பாட்டில் என்றால் ஆளுக்கு அரை பாட்டிலைத் தாண்டுகிறது. அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும், மனமும் மங்கிவிடும். ஆளுக்கொரு துப்பும் கோப்பை வையுங்கள், அதைப் பயன்படுத்த யாரும் கூச்சப்பட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வண்டி ஓட்டி வந்தவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

பழைய பாட்டிலை எடுக்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடித்து ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றால் நல்லது. 30 வயதுப் பாட்டிலில் தோளின் மேல்விளிம்புக்கு இறங்கியிருந்தால் கவலை இல்லை. நடுத்தோள் வரை இறங்கியிருந்தால் தக்கை வழியாகக் காற்று நிறையப் போயிருக்கிறது. அந்தப் பாட்டிலை நம்பி ஒரு மாலையை அமைக்காதீர்கள். எப்படியும் ஒரு உபரி பாட்டில் கையில் இருக்கட்டும்.

இரண்டு நாள் முன்பு

படுக்க வைத்திருந்த பாட்டில்களை இரண்டு நாளுக்கு முன்பே நிமிர்த்தி வையுங்கள். அப்புறம் தொடாதீர்கள். இளம் ஒயினில் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஆந்தோசயனின் என்ற நிறமியும் கரைந்து கிடக்கின்றன. ஆண்டுகள் போகப் போக அவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, கரைந்திருக்க முடியாமல் மண்டியாக இறங்குகின்றன. ஊதாவாக இருந்த ஒயின் செங்கல் நிறத்துக்கு வருவதும், துவர்ப்பு வழவழப்பாவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். ஒயின் உதிர்த்துவிட்ட இந்த மண்டியைக் கலக்கிக் குடித்தால் கசப்பும் நறநறப்பும்தான் மிஞ்சும்.

திறப்பதும் தெளிய வைத்து இறுத்தலும்

பள்ளி அறிவியலில் படித்த அதே தெளிய வைத்து இறுத்தல்தான் இங்கேயும். ஆனால் அதற்கு முன் தக்கையை வெளியே எடுக்க வேண்டும், 25, 30 வயதுத் தக்கை ஈர பிஸ்கட் மாதிரி. சாதாரணத் திருகாணி நடுவில் துளைத்துக்கொண்டு போய்ப் பொடியைத்தான் கொண்டுவரும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீளத் தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் நுழைத்து, குட்டைத் தகட்டை எதிர்ப்பக்கம் விட்டு, இடம் வலமாக அசைத்து அசைத்து உள்ளே இறக்குங்கள். முழுதும் இறங்கிய பிறகு திருகிக்கொண்டே மேலே இழுங்கள். அவசரப்பட்டுக் கீழே அழுத்தினால் தக்கை உள்ளே விழுந்துவிடும். விழுந்தால் விழட்டும், சுத்தமான மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளலாம். ஒயினுக்கு ஒன்றும் ஆகாது.

இறுப்பதற்கு அறை விளக்கு போதாது. பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு டார்ச்சை மேல்நோக்கி வைத்துவிட்டு, குடுவையின் உள்சுவரில் வழிகிறாற்போல ஒரே சீராக ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்தினால் உள்ளே அலையடித்து மண்டி எழுந்துவிடும். முக்கால்வாசிவரை கழுத்துக்குள் மாணிக்கம் போலத் தெளிவாக ஓடும். பிறகு புகை மாதிரி ஒரு மெல்லிய கருமை தோளில் ஊர்ந்து வரும். அதற்குப் பின்னால் கருந்துகள்கள் ஒரு கோடாகக் கழுத்தை நோக்கி நகரும். அந்தக் கோடு கழுத்தின் பாதியைத் தொடும்போது நிறுத்துங்கள். நான் இன்னும் ஒரு மடக்கு கிடைக்குமே என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு. அந்த மடக்குக்காக முழுக் குடுவையையும் கலக்கிவிட வேண்டாம்.

பாட்டிலைத் தண்ணீரில் நன்றாக அலசி, சொட்டு வடிய வைத்து, ஒயினைத் திரும்ப அதிலேயே ஊற்றிவிடலாம். ஐந்து குடுவைகள் தேவைப்படாது, எது எந்தப் பாட்டில் என்ற குழப்பமும் வராது.

எப்போது திறப்பது? 10, 15 வயது என்றால் ஒரு மணி நேரம் முன்பு. 30 வயதைத் தாண்டியதைக் குடிக்கும் நேரத்தில்தான் திறக்கிறேன். சில முதியவை காற்றுப் பட்டதும் அரை மணியில் மங்கிவிடும். அவை கிளாஸில் மலர்வதையும் வாடுவதையும் நம் கண்ணெதிரிலேயே பார்ப்பதுதான் நல்லது. வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். அறை அதைவிடச் சூடாக இருந்தால் குளிர்பெட்டியில் 20 நிமிடம் நிமிர்ந்த நிலையிலேயே வைத்து எடுங்கள்.

மறைத்து வைத்தல்

பெயர்ச்சீட்டைப் பார்த்துவிட்டால் மூக்கு பொய் சொல்லும். பெரிய பெயர் என்றால் நல்ல வாசனை தேடிக்கொண்டு வரும். எனவே ஒருவர் பாட்டில்களைப் பைக்குள் போட்டுக் கழுத்தைக் கட்டட்டும். அவர் அறையை விட்டுப் போன பிறகு வேறொருவர் இடம் மாற்றி எண் ஒட்டட்டும். இப்படிச் செய்தால் விருந்து வைப்பவருக்கும் தெரியாது. பாட்டில் வடிவமே ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் பை தொளதொளவென்று இருப்பது நல்லது.

கிளாஸ் எல்லோருக்கும் ஒரே வகை, வாய் குறுகியது. எட்டுப் பேருக்கு ஐந்து வீதம் நாற்பது வேண்டும், எங்களில் ஒவ்வொருவரும் ஐந்து கொண்டுவருகிறோம். அலமாரியிலேயே இருந்த கிளாஸில் மர வாடை ஒட்டியிருக்கும், வெறுங்கிளாஸை மோந்து பாருங்கள். வெள்ளைத் தாளில் ஐந்து வட்டம் போட்டு எண் எழுதி அதன்மேல் கிளாஸை வைத்தால் நிறமும் தெரியும், இடமும் மாறாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிட உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் போதும், சமைத்த எதுவும் கடைசியில்தான்.

ஆளுக்கு 50 மி.லி. முதலில். மீதி 35 மி.லி. பாட்டிலிலேயே இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக ஊற்றி, கிளாஸில் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிடலாம். வயது வித்தியாசம் பெரிதாக இருந்தால், பைக்குள் போடுபவர் மூத்ததன் பையில் ஓர் அடையாளம் வைக்கட்டும், எண் ஒட்டுபவரிடம் அதை முதலில் வைக்கச் சொல்கிறேன். இளையதன் துவர்ப்பு நாக்கில் ஏறிய பிறகு முதியதன் மெல்லிய பேச்சு காதில் விழாது.

சுவைப்பது

முதல் 20 நிமிடம் யாரும் பேசக் கூடாது. எழுத மட்டும். இதை நான் கறாராகச் சொல்வேன். ஒருவர் 'செர்ரி' என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், மேசை முழுக்கச் செர்ரி வாசம் வீச ஆரம்பித்துவிடும்.

தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். வயதானவற்றில் விளிம்பு ஆரஞ்சு, செங்கல் பக்கம் போகும். ஆனால் பரோலோ செய்யப்படும் நெபியோலோ திராட்சை இளமையிலேயே வெளிறியது, அதன் நிறத்தை வைத்து வயது கணிக்காதீர்கள். பிறகு சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், சுழற்றி ஒரு முறை. இளமையில் இருந்த புதுப்பழ வாசனை போய், உலர்ந்த அத்தி, தோல், புகையிலை, காளான், மழை பட்ட மண் என்று வரும். வாயில் வைத்ததும் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் டானினை விளக்கத் திண்டாடுவார்கள். நமக்கு அறுசுவையிலேயே துவர்ப்பு இருக்கிறது. அது ஈறில் பிடிக்கிறதா, நாக்கின் நடுவிலா, கன்னத்தின் உள்பக்கமா. சொரசொரப்பா, பட்டுத்துணியா என்று எழுதுங்கள். விழுங்கியோ துப்பியோ முடித்த பின் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். நல்ல முதிர்ந்த ஒயின் அந்த இடத்தில்தான் தன்னை நிரூபிக்கிறது.

கெட்டுப்போனதையும் இப்போது வெறும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதையும் பிரித்தறிய வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரக் கிடங்கு வாடை வந்தால் அது தக்கை நோய். டிசிஏ என்னும் சேர்மம் காரணம். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். காற்றுப் பட்டால் அது போகாது, போகப் போகத் தூக்கலாகும். உபரி பாட்டிலை எடுங்கள். நகப்பூச்சு நீக்கி வாடையும் காடியும் தலைதூக்கி நின்றாலும், அடிபட்ட ஆப்பிள் வாசனையோடு பழுப்பேறியிருந்தாலும் அதற்கும் மீட்சி இல்லை. ஆனால் திறந்தவுடன் வரும் மூடிய அறை நாற்றம், தீக்குச்சி நெடி, ஈர இலை இவை பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் கலையும். எங்கள் பரோலோவைத் தள்ளிவிட்டது இந்த வேறுபாட்டை மறந்ததால்தான்.

எழுதி முடித்ததும் அனுபவம் குறைந்தவரை முதலில் பேசச் சொல்லுங்கள். அதிகம் தெரிந்தவர் கடைசியில். பிறகு ஆளுக்கு 1 முதல் 5 வரை இடம் கொடுத்துக் கூட்டுங்கள். மொத்தம் குறைவாக வந்தது முதலிடம். எனக்கு அந்தக் கூட்டுத்தொகையைவிட, நான்கு பேர் முதலிடமும் நான்கு பேர் கடைசியிடமும் கொடுத்த பாட்டில்தான் முக்கியம். அதை வைத்துத்தான் நல்ல பேச்சு தொடங்கும்.

அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இடம் போடுங்கள். பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் 1976இல் பாரிஸில் பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் மறைத்து வைத்து நடத்திய புகழ்பெற்ற சுவைப்பில் கலிபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 சிவப்பு ஒயின்களில் ஐந்தாம் இடம்தான் பெற்றது. 2006இல், 30 ஆண்டு கழித்து, அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தபோது அது முதலிடத்துக்கு வந்தது. அதற்கு 30 ஆண்டு, நமக்கு ஒரு மாலை. ஆனால் இரண்டாம் பட்டியல் முதல் பட்டியலைப் போலவே இருந்த நாள் எங்கள் கூட்டத்தில் எனக்கு நினைவில்லை.

இரண்டாம் பட்டியல் முடிந்த பிறகுதான் பைகளை அவிழ்க்க வேண்டும். ஒவ்வொன்றாக, கடைசி இடத்திலிருந்து மேலே. தாள்களை வாங்கித் தேதி போட்டு வையுங்கள். கிளாஸ்களை அன்றிரவே கழுவாதீர்கள். காலையில் எழுந்ததும் எண் போட்ட தாளின்மேல் காய்ந்து நிற்கும் ஒவ்வொரு வெறுங்கிளாஸையும் மோந்து பாருங்கள். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. ஒன்றிரண்டில் தேனும் புகையிலையுமாக வாசனை அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு வெந்நீரில் கழுவுங்கள்.