பைத்தான் திட்டங்களின் தானியங்கி கன்டெய்னர் பில்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் கன்டெய்னர் இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்டுவதே பில்ட்; அதைத் தானாகச் செய்து தரும் கருவிகள் உள்ளன. அண்மையில் புதியவர்கள் சிலரின் பில்ட் லாகுகளை, அதாவது பில்டின்போது கருவி எழுதும் பதிவுகளைப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளே வரிசையாக வந்து நின்றன. எழுத்துப்பிழை போன்றவற்றைக் கருவியே காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பைத்தான் பதிப்பைக் குறிப்பிடாமல் விடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். தானியங்கி பில்ட் கருவி நம் நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை. மூல ஃபோல்டரில் தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ், பைபிராஜெக்ட், பிப்ஃபைல் போன்ற கோப்புகளில் ஒன்று இருந்தால் இது பைத்தான் திட்டம் என்று முடிவு செய்துகொள்கிறது. எந்தப் பதிப்பு என்று நாம் சொல்லாவிட்டால், தன்னிடம் அன்றைக்கு இயல்பாக உள்ள பதிப்பையே எடுத்துக்கொள்ளும். அந்த இயல்புப் பதிப்பு நிலையானதன்று.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய ஒரு திட்டத்தில், அவசரத் திருத்தம் ஒன்றை இரவில் வெளியிட முயன்றபோது பில்ட் உடைந்தது. பேக்கேஜ்களைக் கட்டவும் நிறுவவும் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூல் இல்லை என்று பிழைச்செய்தி சொன்னதால், பழைய நூலகம் ஒன்றின் மீது பழிபோட்டு விடியும்வரை அதைத் துருவிக்கொண்டிருந்தேன். உண்மையில் கருவியின் இயல்புப் பதிப்பு 3.12க்கு உயர்ந்திருந்தது, 2023 அக்டோபரில் வெளியான அந்தப் பதிப்பில்தான் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. லாகின் தொடக்கத்திலேயே பதிப்பு எண் இருந்தும் நான் கடைசி வரிகளை மட்டுமே பார்த்தேன். இதே கோளாறு வேறு வடிவிலும் வரும்: புதிய பதிப்புக்கான வீல் (முன்கூட்டியே தொகுத்த பொதி) இல்லாத பேக்கேஜை, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் மூலநிரலிலிருந்து தொகுக்க முயலும், சிறிய இமேஜில் சி கம்பைலர் இல்லாததால் தோற்கும்.

ஆகவே, கருவி ஏற்கும் பதிப்புக் கோப்பில் 3.11 என்பது போலத் தெளிவாக எழுதி, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் அதையும் சேர்த்துவிடுங்கள். பைபிராஜெக்ட் கோப்பில் "3.9 அல்லது அதற்கு மேல்" என்று எழுதுவது போதாது, அது கீழ்வரம்பை மட்டுமே சொல்கிறது.

இரண்டு சார்புப் பட்டியல்கள்

பைபிராஜெக்ட் கோப்பைப் பயன்படுத்தும் பொயட்ரி என்ற பேக்கேஜ் மேலாண்மைக் கருவிக்கு மாறிய பிறகும் பழைய ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை விட்டுவைத்தால், எதை நம்புவது என்பதில் கருவிக்குக் கருவி வேறுபடும். ஒன்றை நீக்குங்கள்.

வென்வ் ஃபோல்டர்

உங்கள் கணினியில் நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் இந்த ஃபோல்டரை, இமேஜுக்குள் போகக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஆல்பைன் இமேஜ்

அளவு சிறிது என்பதற்காக, ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இந்த இமேஜைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதில் ஜிலிப்சி என்ற வழக்கமான சி நூலகத்துக்குப் பதிலாக மஸ்ல் என்ற வேறொன்று இருப்பதால், ஜிலிப்சிக்காகத் தொகுத்த மெனிலினக்ஸ் வீல்கள் பொருந்தா.

127.0.0.1

கன்டெய்னருக்குள், தன்னையே குறிக்கும் இந்த முகவரியில் மட்டும் காத்திருக்கும் சர்வரை, போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து அணுக முடியாது. எல்லா முகவரிகளிலும் காத்திருக்கச் சொல்லும் 0.0.0.0 என்று கொடுங்கள்.