எம்.எஸ்.என். பிரிட்ஜ் கோர்ஸ்: சேரும் முன் நாம் செய்கிற தவறுகள்

அமெரிக்காவில் பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலைப் பட்டம்) இல்லாமல், அசோசியேட் டிகிரியோ (இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு) டிப்ளமோவோ வைத்துக்கொண்டு ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்ப்பவர்கள் எம்.எஸ்.என். என்ற நர்சிங் முதுகலைக்குப் போகிற குறுக்குவழிதான் இந்த பிரிட்ஜ் கோர்ஸ். நம்மூரில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, இங்கே உரிமம் வாங்குவதற்கான என்க்லெக்ஸ் தேர்வு எழுதி இங்கே வந்தவர்களில் பலரும் இந்த வழியைத்தான் பார்க்கிறோம். ‘வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம்’ என்று விளம்பரம் சொல்லும். அது பொய்யில்லை, பாதி உண்மை.

மீதிப் பாதி கிளினிக்கல், அதாவது நேரில் போய்ச் செய்கிற பயிற்சி. நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நர்ஸ்) பிரிவில் சேர்ந்தால், நோயாளிகளை நேரடியாகப் பார்த்த மணிக்கணக்கு காட்டியாக வேண்டும். முன்பு குறைந்தது 500 மணி. 2022-ல் வந்த தேசியத் தர நெறிகள் அதை 750 ஆக்கிவிட்டன. அத்தனை மணிக்கும் கூட நின்று கையெழுத்துப் போட ஒரு பிரிசெப்டர், அதாவது பயிற்சி மேற்பார்வையாளர் வேண்டும். அவரை யார் தேடுவது? பல ஆன்லைன் கல்லூரிகளில் நீங்கள்தான்.

இதைக் கேட்காமல் சேர்ந்தது நான் செய்த பெரிய தவறு. ‘உதவி செய்வோம்’ என்றார்கள். வந்த உதவி ஒரு எக்செல் ஷீட். நைட் டியூட்டி முடிந்து, பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்து, அதிலிருந்த கிளினிக்குகளுக்கு வரிசையாக போன் போட்டேன். ஒரு நம்பரை எடுத்தது பல் டாக்டர் வீடு. இன்னொரு இடத்தில் மணிக்கு இவ்வளவு என்று பணம் கேட்டார்கள். ஒரு செமஸ்டர் அப்படியே போயிற்று. ஆகவே, பிரிசெப்டர் ஏற்பாடு யார் பொறுப்பு, கிடைக்காவிட்டால் கட்டிய ஃபீஸ் என்னாகும் என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் அட்மிஷன் ஆள். கிளினிக்கல் பார்க்கிறவர் வேறு. ஆன்லைன்தானே, எந்த மாநிலத்திலிருந்தும் படிக்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். கிளினிக்கலுக்கு அந்தந்த மாநில நர்சிங் போர்டின் விதியும் குறுக்கே வரலாம்.

அடுத்தது, நடுவில் பி.எஸ்.என். பட்டம் கிடைக்குமா என்பது. சில கல்லூரிகள் தரும், சில நேரே எம்.எஸ்.என். மட்டும்தான். இரண்டாவது வகையில் பாதியில் நின்றால் கையில் பட்டம் எதுவும் இருக்காது. பிரசவம், அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டுக்காரருக்கு வேலை மாற்றம் என்று நின்றுபோகக் காரணமா இல்லை? நியூயார்க்கில் புதிதாக உரிமம் வாங்குகிறவர்கள் 10 ஆண்டுக்குள் நர்சிங்கில் இளங்கலை அல்லது அதற்கு மேல் முடிக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்தாயிற்று. பாதி எம்.எஸ்.என். அங்கே செல்லாது.

எம்.எஸ்.என். வாங்கிவிட்டால் எல்லாக் கதவும் திறக்கும் என்பதும் தப்புக்கணக்கு. கற்பித்தல், நிர்வாகம் பிரிவில் முடித்தவர் மருந்து எழுத முடியாது. அதற்குத் தனிச் சான்றிதழ் படிப்பு படிக்க வேண்டும். மயக்க மருந்து நர்ஸ் ஆகும் ஆசை இருந்தால் எம்.எஸ்.என். போதவே போதாது, 2022 முதல் அதில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முனைவர் நிலைப் படிப்புதான்.

அங்கீகாரத்தைக் கல்லூரியின் சொல்லை நம்பி விடாமல் சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற அமைப்புகளின் தளத்திலேயே பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பண விஷயத்தில், மருத்துவமனை தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. ஆனால் ‘இத்தனை வருடம் இங்கேயே இருப்பேன்’ என்ற வாசகம் பத்திரத்தில் எங்காவது இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு முதுகலை மாணவர்களுக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, நம்மவர்களுக்கென்றே உள்ள தவறு: ஜி.என்.எம். பேப்பர்களைக் கடைசி நேரத்துக்குத் தள்ளுவது. இங்கே பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். அதற்கு மார்க் விவரம் படித்த இடத்திலிருந்து சீல் வைத்த கவரில் நேரடியாகப் போக வேண்டும், நாம் எடுத்த ஜெராக்ஸ் ஆகாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தனியாகப் படிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் முடித்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை. அந்தச் சீல் வைத்த கவர்தான் பெரிய விஷயம். எனக்காகத் தங்கை மூன்று முறை நர்சிங் ஸ்கூல் ஆபீஸ் படியேறினாள். பழைய ரெஜிஸ்டர் எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிந்தவர் அங்கே ஒரே ஒரு கிளார்க்தான். அவர் ரிட்டயர் ஆவதற்குள் ஊருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.