மண்ணில் எதிர்ப்பு மரபணு தேடுகையில் சறுக்கும் இடங்கள்

ஆன்டிபயாடிக் மருந்தைப் பாக்டீரியா தாங்கிக்கொள்ள உதவும் எதிர்ப்பு மரபணு கிடைத்ததுமே மண் மாசுபட்டிருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. கனடாவின் யூகானில் சுமார் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணில் பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததாக 2011-இல் ஆய்வு வெளியானது. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியா மண்ணில் வாழ்வது; தான் சுரக்கும் நஞ்சு தன்னையே கொல்லாதிருக்க அதற்கும் எதிர்ப்பு மரபணு வேண்டும். எனவே கோழி எருவால் எதிர்ப்பு மரபணு கூடியதா என்று ஒரு வயலைச் சோதித்தால், எரு போடாத பக்கத்து வயலின் மாதிரியும், போடுவதற்கு முந்தைய மாதிரியும் கையில் இருக்க வேண்டும்.

டிஎன்ஏ பிரிக்கும் கிட் பெரும்பாலும் எடுப்பது 0.25 கிராம் மண். வயலில் ஒரே இடத்தில் அள்ளியது போதாது. 10–15 இடங்களில், 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, 2 மி.மீ. சல்லடையில் சலிக்கவும். சல்லடையை எத்தனாலால் துடைத்தால் பாக்டீரியா சாகும், டிஎன்ஏ அப்படியே ஒட்டியிருக்கும். ப்ளீச் கரைசல்தான் அதை அழிக்கும். பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

பிரித்த டிஎன்ஏ பழுப்பாக இருந்தால் மட்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் கூடவே வந்திருக்கிறது. அது, மரபணுவை நகலெடுத்துப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையை முடக்கும். மரபணு இருந்தும் இல்லை என்று காட்டும். 10 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். சிடி மதிப்பு (சிக்னல் தெரியத் தேவைப்படும் பெருக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை) ஏறத்தாழ 3.3 கூட வேண்டும். அதைவிடக் குறைவாகக் கூடினாலோ, இறங்கினாலோ முடக்கம் உறுதி.

பென்சிலின் வகையை எதிர்க்கும் பிஎல்ஏ-டெம் மரபணுவைத் தேடுபவர்களுக்கு வேறொரு பொறி: பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்க விலைக்கு வாங்கும் டாக் நொதியிலேயே அதன் துணுக்குகள் ஒட்டிவருவதுண்டு. மாதிரி சேர்க்காத குழாயிலும் சிக்னல் வரும். அரிசி போடாத உலையில் சோறு! அந்த வெற்றுக் குழாயை ஓட்டாமல் வந்த முடிவை நம்பாதீர்கள்.

எதிர்ப்பு மரபணுவின் எண்ணிக்கையை, எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவின் எண்ணிக்கையால் வகுத்து, "இத்தனை பாக்டீரியாவில் ஒன்று" என்று எழுதுவதும் சரியல்ல. ஒரு பாக்டீரியாவில் 16எஸ் ஒன்றும் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம். உலர்மண் ஒரு கிராமுக்கான கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

சல்ஃபா மருந்தை எதிர்க்கும் சல்-1, வகை 1 இன்டெக்ரானின் அடையாள மரபணுவான இன்ட்-ஐ1 இரண்டும் கிடைத்தால் இரண்டு தனிச் சான்றுகள் என்று எண்ண வேண்டாம். இன்டெக்ரான் என்பது பிற மரபணுக்களைப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு; வகை 1 இன்டெக்ரானின் வால்பகுதியில் சல்-1 வழக்கமாக ஒட்டியே இருக்கும்.

தட்டில் வளர்த்துப் பார்ப்பவர்கள் மருத்துவமனை வரம்பெண்களை (எந்த மருந்தளவைத் தாண்டியும் வளர்ந்தால் கிருமி எதிர்ப்புள்ளது என்று கொள்ளும் எண்கள்) மண் பாக்டீரியாவுக்கு அப்படியே பொருத்துகிறார்கள். அவை நோயாளியின் உடலில் மருந்து எட்டும் அளவையும் கணக்கில் கொண்டு, நோய்க்கிருமிகளுக்காக வகுத்தவை. எரு போடாத மண்ணின் பாக்டீரியாவை அதே ஊடகத்தில், அதே வெப்பநிலையில் வளர்த்து ஒப்பிடுவதே பொருந்தும்.